ஒன்றன்பால்

வண்டி நிறுத்துமிடத்தில் நகரசபை நட்ட பலகை.
அதில் மஞ்சள் பூவின் படம்.
படத்தின் கீழே சாய்ந்த எழுத்தில்
கிரைசாந்தமாய்டிஸ் மோனிலிஃபெரா:
பொற்பூவைப் போன்றவள்,
ஆரம் பூண்டவள்.
அதற்கும் கீழே சிவப்பில்,
கண்டால் பிடுங்கு.

மாதத்தின் முதல் சனிக்கிழமை
நாங்கள் ஏழு பேர் பிடுங்குகிறோம்.
நியூ சவுத் வேல்ஸின் இந்த மணல்மேட்டில்
அதற்குப் பிடிமானம் கிடையாது.
தண்டின் அடியைப் பற்றி ஒரு உலுக்கு,
ஈர வேரோடு கையில் வந்துவிடும்
சண்டை போடத் தெரியாததுபோல.
இரண்டு மழை கழித்து வந்து பார்த்தால்
அதே குழியில் நூறு.

மெர்வ் பிடுங்குவதில்லை.
இடுப்பில் உலோகம், கையில் தேநீர்க் குடுவை,
மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து எண்ணுவது அவர் வேலை.
இந்த மேட்டில் இதை நட்டதே அவர் அப்பாதான்.
சுரங்கக்காரர்கள் கரையைச் சலித்து எடுத்துப் போனபின்
பறக்கும் மணலைக் கட்டிப்போட,
அரசாங்கச் சம்பளத்தில், வரிசை வரிசையாக.
"நல்லாத்தான் நட்டிருக்காரு மனுசன்" என்பார்
ஒவ்வொரு சனிக்கிழமையும்,
யாரும் கேட்காமலே.

மே மாதம் புதிதாக வந்தவள் லியோனா மார்தினஸ்.
ஸ்ட்ரைஸ்பாய் பக்கம், ஆப்பிரிக்காவின் தென்கோடி.
முதியோர் இல்லத்தில் இரவுப்பணி முடித்து
தூங்காத கண்ணோடு நேரே வந்திருந்தாள்.
டார்சி அவளிடம் கையுறை கொடுத்து
ஒரு கிளையை உயர்த்திக் காட்டினான்:
இதுதான் எதிரி.

அவள் பார்த்தாள்.
மாட்டிய கையுறையைக் கழற்றினாள்.
பூவைச் சுற்றிக் கோத்திருந்த காய்களில்
கருத்தது ஒன்றைக் கிள்ளி வாயில் போட்டாள்.
"போஸ்லைஸ்பெஸ்ஸி" என்றாள் சப்பிக்கொண்டே,
"உண்ணிப்பழம். மாட்டுக் காதுல ரத்தம் குடிச்சு
பருத்திருக்குமே, அது மாதிரி.
இன்னொரு பேரும் இருக்கு, பீட்டூ.
அந்த மொழி பேசினவங்க என் ரத்தத்துல இருக்காங்க,
வாயில இல்ல."
நாக்கு ஊதாவாகியிருந்தது.
உள்ளங்கையில் துப்பிய விதை
சுண்டெலியின் எலும்புபோல வெளுப்பு.
டார்சி உடனே பை ஒன்றை நீட்டினான்.
விதிமுறை அப்படி.

அந்தக் குளிரில்தான் பெயர் மாறிய சேதி
எங்களுக்கு வந்து சேர்ந்தது.
யாரோ அதன் மரபணுவைப் படித்துப் பார்த்திருக்கிறார்கள்.
பேரினம் வேறாம்.
இனி ஆஸ்டியோஸ்பெர்மம். எலும்பு விதை.
முன்பெயர் மாறினால் பின்பெயரின் வாலும்
அதற்கு ஒத்துப்போக வேண்டும் லத்தீனில்.
மோனிலிஃபெரா இனி மோனிலிஃபெரம்.
ஆரம் பூண்டவள்
ஆரம் பூண்டது ஆகிவிட்டாள்.
ஆகிவிட்டது.

புதுப் பலகைக்குப் பணமில்லை என்றது நகரசபை.
நான் ஒரு மார்க்கர் பேனாவோடு போனேன்.
பழைய பெயரை ஒரே கோட்டில் அடித்து
மேலே புதியதை எழுதினேன்.
இடம் போதவில்லை,
கடைசி எழுத்து மரச்சட்டத்தின்மேல் ஏறிக்கொண்டது.
ஆறு வாரத்தில் உப்புக்காற்று
என் எழுத்தை முழுக்கத் தின்றுவிட்டது.
பழைய பெயரை அடித்த கோடு மட்டும்
எப்படியோ அழியவில்லை.

லியோனா இப்போது எங்கள் எல்லோரையும்விட
வேகமாகப் பிடுங்குகிறாள், வெறுங்கையால்.
குவியல் அவள் முழங்காலுக்கு மேல்.
பூக்கள் இன்னும் வாடவில்லை,
குவியலிலேயே தேனீ ஒன்று வேலை பார்க்கிறது.

போன சனிக்கிழமை மெர்வ் கேட்டார்:
"உங்க ஊர்ல இத என்ன செய்வீங்க?"

"ஒண்ணும் செய்யறதில்ல" என்றாள்,
அடுத்த தண்டைப் பற்றியபடி.
"அங்க அது
சும்மா இருக்கும்."

வேர் விடுபடும் சின்னச் சத்தம்.
மெர்வ் கடலைப் பார்த்தார், மேட்டைப் பார்த்தார்,
எண்ணிக்கையைத் தவறவிட்டிருந்தார்.
ஒன்று என்று தொடங்கினார் மறுபடி.